தோப்புக்கரணம்: வணக்கம், தண்டனை, வைத்தியம்

அமெரிக்கர்கள் வரிசையாக நின்று தோப்புக்கரணம் போடும் காணொளி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். நம் வயதுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு டாக்டர் ஆங்கிலத்தில் விளக்குவார். கீழே, "நம் முன்னோர்கள் எதையும் காரணமில்லாமல் செய்யவில்லை" என்று யாராவது சேர்த்திருப்பார்கள். தினமும் 14 முறை போட்டால் நினைவாற்றல் பெருகும், மறதி நோய் எட்டிப் பார்க்காது என்று இன்னொருவர் முடித்து வைப்பார்.

மறதி நமக்கு விளையாட்டு விஷயம் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், கணக்காகச் சொன்னால் 7.4 சதவீதம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சுமார் 88 லட்சம் பேர். நம் தெருவிலும் உறவிலும் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்போம். எனவே இந்தத் தோப்புக்கரணம் எங்கிருந்து வந்தது, எப்போது மூளைக்கு வைத்தியமானது, அறுபதைத் தாண்டிய நமக்கு அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரும் கதையும்

'தோர்பி: கர்ணம்' என்ற வடமொழிச் சொற்கள் சேர்ந்து தோப்புக்கரணம் ஆனது என்பார்கள். தோர்பி என்றால் கைகளால், கர்ணம் என்றால் காது. கைகளால் காதைப் பிடித்தல் என்று பொருள். உட்கார்ந்து எழுவது பெயரிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது பின்னால் முக்கியமாகும்.

கதைகள் இரண்டு. முதல் கதையில் திருமாலின் சக்கரத்தைக் குழந்தைப் பிள்ளையார் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். அதட்டிக் கேட்டால் விழுங்கிவிடுவாரோ என்ற பயம். சிரிக்க வைத்தால் வாயைத் திறப்பார் என்று திருமால் தம் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார். பிள்ளையார் விழுந்து விழுந்து சிரிக்க, சக்கரம் வெளியே வந்து விழுகிறது.

இரண்டாவது கதையில் சிரிப்பு இல்லை. கஜமுகாசுரன் தேவர்களைத் தன் முன்னால் தினமும் 1008 தோப்புக்கரணம் போடவைத்து அவமானப்படுத்துகிறான். விநாயகர் அவனை அடக்கிய பிறகு, அசுரனுக்குப் பயந்து போட்டதை இனி உமக்கு அன்போடு போடுகிறோம் என்று தேவர்கள் விநாயகர் முன் போடுகிறார்கள்.

ஒரு கதையில் வேடிக்கை, இன்னொன்றில் அடிமைத்தனம் பக்தியாக மாறியது. நினைவாற்றல் என்ற பேச்சு இரண்டிலும் இல்லை. ஆனால் பிள்ளையார் கல்விக்கும் எழுத்துக்கும் உரிய தெய்வம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை அவர் முன்னால் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போவது காலங்காலமாக உண்டு. நினைவுக்கும் தோப்புக்கரணத்துக்கும் முதல் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

திண்ணைப் பள்ளியில்

இரண்டாவது முடிச்சு பள்ளிக்கூடத்தில் விழுந்தது. வெள்ளைக்காரர் பாணிப் பள்ளிகள் பரவுவதற்கு முன் நம் ஊர்ப்பக்கப் பிள்ளைகள் படித்தது திண்ணைப் பள்ளிகளில். அங்கே படிப்பின் முதுகெலும்பே மனப்பாடம்தான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று ஒவ்வொன்றும் வாயில் ஏற வேண்டும். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி என்றால் 80-ல் ஒரு பங்கு, மா என்றால் 20-ல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களை எல்லாம் பெருக்கல் வாய்ப்பாடாகவே பிள்ளைகள் ஒப்பித்தார்கள். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள்.

இதை ஆழமாக ஆராய்ந்தவர் நம் ஊரிலேயே இருந்து பணியாற்றிய ஆய்வாளர் து. செந்தில் பாபு. 1955-ல் தொடங்கப்பட்டு கடற்கரையோரம் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். திண்ணைப் பள்ளி மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிட முடியாது, அது கணக்குப் போடுவதற்கான ஒரு பயிற்சி முறை என்பது அவர் ஆய்வின் சாரம். வாய் சொல்ல, காது கேட்க, விரல் மணலில் எழுத, நினைவு என்பது உடம்பு முழுவதும் சேர்ந்து செய்த வேலையாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், பொன் நிறுக்கவும் அந்த நினைவைத்தான் கொண்டுபோனார்கள்.

ஒப்பிக்கத் தவறியவனுக்குத் தண்டனை. பிரம்படி, தலையில் குட்டு, உத்தரத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டம், இவற்றோடு தோப்புக்கரணம். "மக்குப் பிள்ளையின் மூளையைத் தூண்டத்தான் வாத்தியார் தோப்புக்கரணம் போடச் சொன்னார்" என்று இப்போது எழுதுகிறார்கள். கோதண்டமும் பிரம்பும் அதே பட்டியலில்தான் இருந்தன. அவற்றையும் மூளைப் பயிற்சி என்று சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. வாத்தியார் பயமுறுத்தத்தான் போடச் சொன்னார்.

நான் படித்த காலத்திலும் இது இருந்தது. வகுப்பு வாசலில், எல்லோரும் பார்க்க, பையன்களே எண்ணிக்கை சொல்ல ஐம்பது போட வேண்டும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். அதனால் வாய்ப்பாடு மனத்தில் நின்றதா என்றால், தொடை வலிதான் நினைவில் நின்றது. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. நல்லதுதான்.

மணக்குள விநாயகர் சந்நிதியில்

தண்டனையாக வெறுத்ததை வணக்கமாக நாம் விரும்பிச் செய்த இடம் மணக்குள விநாயகர் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஓர்லெயான் வீதி என்று பெயர் பெற்றிருந்த தெரு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மணல் நிறைந்த குளத்தங்கரையில் இருந்ததால் மணக்குளத்துப் பிள்ளையார். வெள்ளையர்கள் குடியிருந்த பகுதியில் இருப்பதால் வெள்ளைக்காரப் பிள்ளையார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். கடலில் கொண்டுபோய்ப் போட்டும் திரும்பி வந்துவிட்டார் என்ற கதையை நாம் எல்லோரும் பாட்டி மடியில் கேட்டவர்கள்தான். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியார் இந்தப் பிள்ளையார்மேல்தான் 'விநாயகர் நான்மணிமாலை' பாடினார். கோயிலுக்குள்ளேயே தொள்ளைக்காது சித்தரின் சமாதி இருப்பதாக மரபு. காதைப் பிடித்துக்கொண்டு வணங்கும் தெய்வத்தின் அருகில் காதையே பெயராகக் கொண்ட சித்தர்!

அந்தக் கோயிலிலிருந்து சில அடி தூரத்தில் அரவிந்தர் ஆசிரமம். முதுமையில் உடற்பயிற்சி என்ற விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனி வரலாறு உண்டென்றால் அது அங்கேதான் இருக்கிறது. 1945-ல் ஆசிரமத்தில் உடற்கல்வித் துறை தொடங்கியபோது அன்னைக்கு 67 வயது. பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்தது பெரியவர்களுக்கும் விரிந்தது. நரைத்த தலைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் அணிவகுத்து நடப்பது அந்நாளைய ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருந்திருக்கும். ஏனென்றால் அறுபதுக்குமேல் ஈசிசேர் என்பதுதான் அன்றைய வழக்கம். அன்னையே எண்பது வயது வரை டென்னிஸ் ஆடினார். முதுமையிலும் உடம்பு கற்றுக்கொள்ளும் என்ற எண்ணம் மருத்துவ நூல்களில் அழுத்தமாக இடம்பெறுவதற்கு முன்பே நம் ஊர் மைதானத்தில் நடைமுறையாக இருந்தது.

கடல் கடந்து போய்த் திரும்பியது

தோப்புக்கரணம் வைத்தியமானது மிக அண்மையில். பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சீன வம்சாவளியினரான சோவா கோக் சூயி என்பவர், படிப்பால் வேதிப் பொறியாளர், 'பிராணிக் ஹீலிங்' என்ற முறையைப் பரப்பியவர். அவர் இந்தியாவில் கண்ட தோப்புக்கரணத்துக்கு 'சூப்பர் பிரெயின் யோகா' என்று பெயரிட்டுப் புத்தகம் எழுதினார். இடக்கை உள்ளே, வலக்கை வெளியே, கட்டைவிரல் காது மடலின் முன்புறம், நாக்கு மேலண்ணத்தில், உட்காரும்போது மூச்சை இழுத்து எழும்போது விட வேண்டும். காதைப் பிடிப்பதால் கீழேயுள்ள சக்தி மூளைக்கு ஏறுகிறது என்பது அவர் விளக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. அங்கிருந்து காணொளியாகி நம் கைப்பேசிக்கு வந்தது. 2019-ல் ஹரியானா பள்ளிக் கல்வி வாரியம்கூட மாணவர்களுக்கு இதைக் கொண்டுவர முனைந்தது. தண்டனை என்று சட்டம் வெளியே அனுப்பியது, யோகா என்ற பெயரில் மறுபடி பள்ளிக்குள் வந்தது.

காதில் மூளைக்குப் பொத்தான் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு ஒரு பிரெஞ்சு மூலமும் உண்டு. லியோன் நகரத்து மருத்துவர் போல் நோழியே 1950-களில் தம்மிடம் வந்த சில நோயாளிகளின் காதில் சூடு போட்ட தழும்பைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்காக நாட்டு வைத்தியர் ஒருவரிடம் போட்டுக்கொண்ட சூடு அது. அதிலிருந்து அவர் காதை, தலைகீழாகப் படுத்திருக்கும் கருவின் வடிவமாகக் கற்பனை செய்து, ஒவ்வோர் உறுப்புக்கும் காதில் ஓர் இடம் என்று வரைபடம் வரைந்தார். அந்தப் படத்தில் காது மடல் தலைக்கும் மூளைக்கும் உரிய இடம். காதுகுத்துவதற்கும் தோப்புக்கரணத்துக்கும் இன்று சொல்லப்படும் 'விஞ்ஞான' விளக்கங்கள் பல இந்தப் படத்திலிருந்து வந்தவையே. ஆனால் காது மடலைப் பிடித்தால் நினைவு வளரும் என்று அந்தப் படத்தை வைத்து நிரூபணம் ஆகவில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

தோப்புக்கரணத்தையே சோதித்த ஆய்வுகளும் உண்டு. 2014-ல் பெங்களூரு யோகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், போட்ட பிறகு கவனம் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் சோதித்தது இளவயதினரை. அளந்ததும் கவனத்தை. எழுபது வயதுக்காரரின் நினைவுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

நமக்கு உதவும் ஆய்வுகள் காதை விட்டுக் காலுக்கு வருகின்றன.

2015-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 324 இரட்டைச் சகோதரிகளைப் பத்து ஆண்டு இடைவெளியில் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். இரட்டையர் என்பதால் பரம்பரையும் வளர்ப்பும் பெரும்பாலும் ஒன்று. தொடக்கத்தில் யாருக்குக் கால் வலிமை அதிகமாக இருந்ததோ, அவருக்குப் பத்து ஆண்டு கழித்து அறிவாற்றல் குறைவாகவே தேய்ந்திருந்தது. கால்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காலும் மூளையும் சேர்ந்தே மூப்படைகின்றன என்பது தெரிகிறது.

2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். மறு பாதியினர் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கித்தான் போகும் என்று நினைத்திருந்த பகுதி அது.

2010-ல் கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுவரையுள்ள 155 பெண்களிடம் நடந்த ஆய்வில், தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரம் ஒரு முறையோ இரு முறையோ ஓராண்டு செய்தவர்களுக்குக் கவனம் சிதறாமல் வேலை செய்யும் திறன் கூடியது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 முதல் 84 வயதுவரையுள்ள 585 பேருக்கு உடற்பயிற்சி, தியானம் இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாதம் ஆகியும் நினைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உடற்பயிற்சி செய்தால் மறதி வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். அபாயத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அறிவாற்றல் தேய்வைத் தள்ளிப்போட உடல் உழைப்பைப் பரிந்துரைத்ததும் இந்த அளவில்தான்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ வாய்ப்பு இருக்கிறது என்றது. உடல் உழைப்பின்மை அதில் ஒன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிதமிஞ்சிய மது, தனிமை, பார்வைக் குறைவு ஆகியவையும் உண்டு. காது கேளாமையும் பட்டியலில் இருக்கிறது. காதைப் பிடிப்பதைவிடக் காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது நினைவுக்கு உதவும். கேட்கும் கருவி வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு நான்கு பேர் பேசும் இடத்திலிருந்து ஒதுங்கிப்போகிற நண்பர்கள் நமக்கு எத்தனை பேர்!

தரையில் உட்கார்ந்த காலம்

நம் தாத்தா பாட்டிக்குத் தனியாகத் தோப்புக்கரணம் தேவைப்படவில்லை. நாளெல்லாம் அவர்கள் செய்தது அதுதான். சாப்பிட மணைப் பலகையில் உட்கார்ந்து எழுந்தார்கள். அம்மியில், ஆட்டுக்கல்லில், அரிவாள்மணையில், கிணற்றடியில், கோலம் போடும் வாசலில், கொல்லைப்புறக் கழிவறையில் என்று எத்தனை முறை குந்தி எழுந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது சுகமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. பெண்கள் முதுகு ஒடிய உழைத்த காலம் அது.

மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, அடுப்பு மேடைக்கு ஏறியது, சாப்பாடு மேசைக்கு ஏறியது, கழிவறையும் நாற்காலி ஆயிற்று. ஒவ்வொன்றும் நல்ல மாற்றம். மொத்தத்தில் தொடைத் தசைக்கு வேலை போய்விட்டது. கடைசியாக மிச்சமிருந்தது பிள்ளையார் முன் போடும் மூன்று தோப்புக்கரணம். அதையும் இப்போது கோயிலில் பலர் நின்றபடியே காதைத் தொட்டு, முழங்காலை லேசாக மடக்கி முடித்துவிடுகிறோம். பெயரில் உள்ள காது மட்டும் நிற்கிறது, பெயரில் இல்லாத கால் வேலை போய்விட்டது. பலன் இருந்ததோ அந்தக் காலில்.

நம் வயதில் போடுவது எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டால், தடுமாறும்போது பிடிக்கக் கை இருக்காது. இளைஞனுக்கு அது பரவாயில்லை. எழுபதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் நினைவாற்றலைப் பற்றிய கவலையே பின்னால் போய்விடும்.

கை வைக்காத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். அதில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, எழுந்து நின்று மறுபடி உட்காருங்கள். இதுவும் தோப்புக்கரணமே. தடுமாற்றம் உள்ளவர்கள் முன்னால் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ளலாம். மூச்சை அடக்காமல், மெதுவாக, ஐந்தில் தொடங்கிப் பத்துக்கு வாருங்கள். சில நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு பத்து. வாரம் மூன்று நாள் போதும். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கால் வலிமையை அளக்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் எளிய சோதனையும் இதுதான். கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது? 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10 முறைக்குக் குறைந்தால், கீழே விழும் அபாயம் கூடுதல் என்று கொள்கிறார்கள். வீட்டில் யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல்லி எண்ணுங்கள். பேரப்பிள்ளைக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

இதோடு நடை. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் அதற்கு இடத்தைத் தேட வேண்டியதில்லை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நமக்காகவே திறந்துவிடும் கடற்கரைச் சாலை இருக்கிறது. காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். தனியாக நடப்பதைவிடப் பேச்சுத் துணையோடு நடப்பது மேல். தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே.

கோயிலுக்குப் போனால் மூன்று தோப்புக்கரணம் போடுங்கள், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு, பக்கத்துத் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு. திருமால் போட்டபோதே சிரித்தவர் பிள்ளையார். நாம் தூணைப் பிடித்துக்கொண்டு போடுவதைக் கண்டு கோபித்துக்கொள்ள மாட்டார்.